எட்டு ஐம்பத்திரண்டுக்குப் போட்ட ஊசி

“நாற்பத்திரண்டு வயசுல எனக்குக் குழந்தை வேணும்னு தோணுமா, தோணாதா? நீயே சொல்லு பாப்போம்.”

சித்தி இதை என்னிடம் கேட்டபோது அவளுக்கு முப்பத்தேழு, எனக்குப் பதினெட்டு. நான் பள்ளிப் படிப்பை முடித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அடுத்து என்ன படிக்கப் போகிறாய் என்று யார் கேட்டாலும் வாரத்துக்கு ஒரு பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். என் விஷயமே எனக்குத் தெரியாத அந்த நேரத்தில்தான், மருத்துவமனை வராந்தாவில் லிஃப்ட்டுக்காக நின்றபடி, அவள் விஷயத்தைக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது. கதவு திறந்த சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “ரோலர் தேஞ்சிருக்கு. ஒரு மாசம் தாங்காது” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

சித்தி லிஃப்ட் மெக்கானிக். பதினாலு வருடமாக ஒரே கம்பெனி. நெற்றியில் எப்போதும் ஒரு விளக்கைக் கட்டியிருப்பதால் வேலை இடத்தில் அவளுக்கு ‘டார்ச்’ என்று பேர். அவளோடு ஜோடியாக வேலை பார்ப்பவருக்கு ‘ஸ்பேனர்’ என்று பேர். ஒரு முறை அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்பேனர் நழுவி, ஒன்பது மாடி ஆழத்துக்கு விழுந்தது. கீழே யாரும் இல்லாதது அவர் நல்ல நேரம். அன்றிலிருந்து அந்தக் கம்பெனியில் ஒரு விதி வந்தது. லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்குபவர்கள் பையில் இருக்கும் போன், சாவி, பேனா எல்லாவற்றையும் வெளியே ஒரு தகரப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

சித்தி எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அம்மாவுக்கு ஒரே தங்கை. இரண்டு முறை அவள் கல்யாணம் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்து நின்றுபோனது. முதல் ஆள் பேசிப் பேசியே மூன்று வருடத்தைக் கழித்துவிட்டு, ஒரு நாள் பேச்சையும் நிறுத்திவிட்டார். இரண்டாவது ஆள் நல்லவர்தான். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு கயிற்றில் தொங்கும் வேலை வேண்டாம், ஆபீஸில் உட்காரு என்றார். சித்தி அவரிடம் சண்டை போடவில்லை. ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

அதன் பிறகு அம்மா வாரம் தவறாமல் ஒரு போட்டோவைக் காட்டுவாள். சித்தி அதைப் பார்த்துவிட்டு, “ஆள் நல்லா இருக்காரு. சட்டைதான் கொஞ்சம் பெருசு” என்பாள். அம்மாவுக்குக் கோபம் தலைக்கு ஏறும்.

“உனக்கு என்ன வயசு இருபதா? அப்புறம் குழந்தை எப்படிடி பிறக்கும்?”

“குழந்தைக்காக அவசரமா ஒரு ஆளைப் பிடிக்கறது, அளவே பாக்காம ரோப் வாங்கற மாதிரிக்கா. மாட்டின பிறகு மொத்த பில்டிங்கும் ஆடும்.”

வெளியே இப்படிப் பேசினாலும் உள்ளே அவளுக்குக் கவலை இருந்தது. அது எனக்குத் தெரியவந்தது ஒரு மருத்துவமனையால். அங்கே லிஃப்ட் கயிறு மாற்ற இரண்டு மாதம் போய் வந்தாள். அங்கிருந்த ஒரு நர்ஸ் டீ குடிக்கும்போது இவள் வயதைக் கேட்டிருக்கிறார். “கல்யாணத்தைத் தள்ளிப் போடலாம். கருமுட்டைக்கு வயசாகறதைத் தள்ளிப் போட முடியாதும்மா. டெஸ்ட் எடுத்துப் பாத்திருக்கீங்களா?” என்றும் கேட்டிருக்கிறார். அப்படி ஒரு டெஸ்ட் இருப்பதே சித்திக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

டெஸ்ட் எடுக்கப் போகும்போது துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டில் சும்மா இருந்த ஒரே ஆள் நான்தான்.

டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. ரத்தப் பரிசோதனை முடிவையும் ஸ்கேனையும் பார்த்துவிட்டு நிதானமாகப் பேசினார். ஒரு பெண் பிறக்கும்போதே அவளுக்கான முட்டைகள் எல்லாம் உள்ளே இருக்கும். புதிதாக எதுவும் உண்டாவதில்லை. வயது ஏற ஏற எண்ணிக்கையும் குறையும், தரமும் குறையும். சித்திக்கு அவள் வயதுக்குக் கொஞ்சம் குறைவாகவே இருந்தது.

“என்ன வழி இருக்குன்னு சொல்றேன். முட்டையை எடுத்து அப்படியே உறைய வைக்கலாம். கணவர் இருந்தா, கருவா ஆக்கி உறைய வைக்கலாம். சினைப்பையிலேர்ந்து ஒரு துண்டு எடுத்து வைக்கற முறையும் உண்டு, ஆனா அது பெரும்பாலும் புற்றுநோய் வைத்தியத்துக்குப் போறவங்களுக்கு. எதுவும் பண்ணாமலும் இருக்கலாம். அதுவும் ஒரு முடிவுதான். யாரும் உங்களைத் தப்பு சொல்ல முடியாது.”

“இது லிஃப்ட் பிரேக் மாதிரியா டாக்டர்? தேவைப்படும்போது கண்டிப்பாப் பிடிச்சிடுமா?”

“இல்லம்மா. பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். முட்டை இருக்குங்கறதால குழந்தை இருக்குன்னு ஆகாது. அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் பண்ணுங்க.”

சித்தி அதைக் கேட்டுவிட்டு, “கரண்ட் போனா என்ன ஆகும்?” என்றாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். முட்டைகளை வைக்கும் தொட்டிக்குக் கரண்டே வேண்டாம், கடுங்குளிரான திரவ நைட்ரஜன் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் போதும் என்றார்.

“யாரு ஊத்துவாங்க? எழுதி வைப்பாங்களா? லாக் புக் இருக்கா?”

“எல்லாம் இருக்கு. வேணும்னா காட்டச் சொல்றேன்.”

காட்டினார்கள். சித்தி அந்தப் புத்தகத்தில் நான்கு பக்கம் புரட்டி, கையெழுத்துகளை எல்லாம் பார்த்த பிறகுதான் சரி என்றாள். செலவு கம்மி இல்லை. வருடா வருடம் வைத்திருப்பதற்கும் கட்ட வேண்டும். புது பைக் வாங்க வைத்திருந்த சேமிப்பை அதற்கு எடுத்தாள்.

வீட்டில் சொன்னபோது அம்மா கையில் வைத்திருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள்.

“குழந்தையைக் கொண்டு போய் ஃப்ரீசர்ல வைக்கப் போறியா?”

“குழந்தை இல்லக்கா, முட்டை. இன்னும் ஒண்ணுமே ஆகல.”

“கல்யாணம் ஆகாதவளுக்கு எதுக்குடி இதெல்லாம்? நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன பதில் சொல்றது?”

“ஆம்லெட் போட வச்சிருக்கான்னு சொல்லு.”

அப்பா செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து அதன் பின்னால் ஒளிந்துகொண்டார். அன்றிலிருந்து அம்மா சித்தியோடு நேராகப் பேசவில்லை. “உன் சித்திய சாப்பிட வரச் சொல்லு” என்று என் வழியாகத்தான் பேச்சு. சித்தி பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பாள்.

ஊசி தொடங்கியது. தினமும் இரவு எட்டு மணிக்கு வயிற்றில் தானே போட்டுக்கொள்ள வேண்டும். மருந்து ஃப்ரிட்ஜில், தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அம்மா அந்தப் பெட்டியைத் தொட மாட்டாள், ஆனால் தினமும் அதைச் சுற்றித் துடைத்து வைப்பாள். ஊசி போட்டதும் நேரம் எழுத மருத்துவமனையில் ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். தேதி, மருந்து, போட்ட நேரம், கையெழுத்து.

இங்கேதான் லிஃப்ட்காரர்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கட்டடத்திலும் மெஷின் அறைச் சுவரில் ஒரு அட்டை தொங்கும். மாதா மாதம் சர்வீஸ் செய்த நேரத்தை அதில் எழுத வேண்டும். பத்து மணிக்கு வர வேண்டியவர்கள் பதினொன்றரைக்கு வந்தாலும் அட்டையில் பத்து என்றுதான் எழுதுவார்கள். உண்மையை எழுதினால் கட்டட மேனேஜர் கம்பெனிக்குப் போன் செய்வார், கம்பெனி விளக்கம் கேட்கும், ஆளுக்கு அரை நாள் வீண். வேலை ஒழுங்காக நடந்ததா என்பதுதான் முக்கியம், அட்டைக்கு ஒரு நேரம் வேண்டும், அவ்வளவுதான் என்பது அவர்கள் எண்ணம். சித்தியின் அட்டைகளில் பதினாலு வருடமாக ஒரு நாள்கூடத் தாமதம் கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஊசி அட்டையையும் அவள் அப்படித்தான் எழுதினாள். எட்டேகாலுக்குப் போட்டாலும் எட்டு. ஏழு ஐம்பதுக்குப் போட்டாலும் எட்டு. அந்த ஊசிகளுக்கு அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

பதினோராவது நாள் ஸ்கேனில், இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினொரு முட்டைப் பைகள் வளர்ந்திருப்பது தெரிந்தது. திங்கட்கிழமை இரவு சரியாக எட்டு மணிக்குக் கடைசி ஊசி, புதன்கிழமை காலை எட்டு மணிக்கு முட்டைகளை எடுப்பது என்று முடிவாயிற்று. “இது மட்டும் முக்கியம். நிமிஷக் கணக்கு” என்று அட்டையைக் கொடுத்த சிஸ்டர் சொன்னார். சித்தி தலையாட்டினாள்.

அந்த இரண்டு வாரமும் கனம் தூக்கக் கூடாது, குதிக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால், வயிற்று வலி என்று காரணம் சொல்லி ஆபீஸில் போன் எடுக்கும் வேலையில் இருந்தாள். திங்கட்கிழமை மாலை ஆறரை மணிக்கு, அவள் வீட்டுக்கு வந்த பிறகு, ஸ்பேனர் போனில் கூப்பிட்டார். ஒரு குடியிருப்பில் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஒரு அம்மாவும் இரண்டு பிள்ளைகளும். இரண்டு பேர் இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது என்பது விதி. வேறு யாரும் பக்கத்தில் இல்லை.

“தூக்கற வேலை எல்லாம் நான் பாத்துக்கறேன். நீ வந்து நின்னாப் போதும் டார்ச்” என்றார்.

சித்தி என்னைப் பார்த்தாள். “ஊசியை ஐஸ் டப்பாவுல போட்டு எடுத்துக்கிட்டு வா. எட்டு மணிக்கு என்னைக் கூப்பிடு.”

ஏழேகாலுக்குள் அந்த மூன்று பேரையும் வெளியே எடுத்துவிட்டார்கள். சின்னப் பிள்ளை அழவே இல்லை, இன்னொரு முறை மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டது. ஆனால் கதவுப் பூட்டு ஒன்று உடைந்திருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு வந்தால் யாராவது வெறும் குழிக்குள் காலை வைத்துவிடுவார்கள். ஸ்பேனர் மேலே மெஷின் அறையில் நின்று லிஃப்ட்டை அங்குலம் அங்குலமாக நகர்த்த, சித்தி லிஃப்ட்டின் கூரை மேல் உட்கார்ந்து பூட்டைச் சரிசெய்தாள். அவள் போன் என் காலடியில், தகரப் பெட்டிக்குள் இருந்தது.

எட்டு மணிக்குக் கதவிடுக்கில் வாயை வைத்துக் கத்தினேன்.

“சித்தி, எட்டு!”

“அஞ்சு நிமிஷம்!”

எட்டே காலுக்கும் அஞ்சு நிமிஷம். எட்டரைக்கும் அஞ்சு நிமிஷம். அதற்குப் பிறகு பதிலே வரவில்லை, சுத்தியல் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே வந்து, கையைக் கழுவி, மாடிப்படியில் உட்கார்ந்து அவள் ஊசி போட்டுக்கொண்டபோது என் போனில் எட்டு ஐம்பத்திரண்டு. பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே அட்டையை எடுத்து எழுதினாள். எட்டு மணி. கையெழுத்து.

“எட்டுன்னு எழுதிட்டியே சித்தி.”

“அட்டைக்கு எட்டுதான்டி.”

அவள் ஏமாற்ற நினைக்கவில்லை. கை தானாக எழுதிவிட்டது, அவ்வளவுதான். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். மறுநாள் காலையில்தான், மருந்துப் பெட்டியில் இருந்த காகிதத்தை உட்கார்ந்து படித்தேன். அந்த ஊசி போட்ட பிறகுதான் முட்டைகள் கடைசியாகப் பக்குவம் ஆகி, எடுக்க வருகிற மாதிரி நெகிழும். அதற்கு முப்பத்தாறு மணி நேரம் வேண்டும். முன்னாலேயே எடுத்தால் சில முட்டைகள் காயாகவே இருக்கும், உறைய வைத்தும் பயன் இல்லை. ரொம்பத் தாமதித்தால் அவை தாமாகவே வெளியேறிவிடும். மருத்துவமனைக்கு அந்த அட்டை மட்டும்தான் தெரியும்.

அம்மா ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சித்தி காபி குடித்துக்கொண்டிருந்தாள். நான் அந்தக் காகிதத்தை மேஜை மேல் வைத்து, “போன் பண்ணிச் சொல்லிடு சித்தி” என்றேன்.

“அம்பது நிமிஷத்துல என்ன குடி முழுகிடப் போகுது?”

“முழுகலாம்னுதான் இதுல போட்டிருக்கு.”

“இப்போ போய்ச் சொன்னா கேன்சல் பண்ணிடுவாங்க. இத்தனை நாள் போட்டது எல்லாம் வீண். அந்த சிஸ்டர் அத்தனை தடவை சொன்னாங்க. நானும் பெருசா தலையை ஆட்டிட்டு வந்தேன். பதினாலு வருஷத்துல ஒருத்தர்கிட்டயும் நான் லேட்டுன்னு சொன்னது கிடையாது.” அவள் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த அம்மா அதைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

“வயித்துல இத்தனை ஊசி குத்திக்கிட்டு, கடைசில ஒரு பொய்ய எழுதி வச்சிட்டுப் போய்ப் படுக்கப் போறியா? நாளைக்கு ஒண்ணும் கிடைக்கலேன்னா யாரை நோவ? நம்பரைக் குடு, நான் பேசறேன்.”

“நீ பேசினா அவங்களையே திட்டிடுவே. விடுக்கா, நானே பேசறேன்.”

சித்தி எழுந்து நின்று பேசினாள். “சிஸ்டர், அட்டைல எட்டுன்னு இருக்கு. ஆனா போட்டது எட்டு அம்பத்திரெண்டுக்கு.” பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். சரி, சரி என்றாள். போனை வைத்துவிட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“திட்டினாங்களா?” என்றாள் அம்மா.

“இல்லக்கா. நல்ல வேளை இன்னிக்கே சொன்னீங்கன்னாங்க. வேற ஒருத்தரை முன்னால எடுத்துட்டு, என்னை எட்டு அம்பதுக்கு எடுப்பாங்களாம். அவ்வளவுதானாம்.”

“அவ்வளவுதானா? இதுக்கா இந்த ஆட்டம் ஆடினே?”

புதன்கிழமை அம்மா லீவு போட்டாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே போட்டாள். சித்திக்கு மயக்க மருந்து கொடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். மொத்தம் இருபது நிமிடம்தான் இருக்கும். அம்மா அந்த இருபது நிமிடமும் சுவரில் இருந்த ஒரே அறிவிப்பைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். அது கைபேசியை அணைத்து வைக்கச் சொல்லும் அறிவிப்பு.

ஒன்பது முட்டைகள் கிடைத்தன. மாலையில் லேபிலிருந்து சொன்னார்கள், அவற்றில் ஆறு பக்குவமானவை, ஆறையும் உறைய வைத்தாயிற்று என்று. அசந்து படுத்திருந்த சித்திக்கு நான் அதைச் சொன்னேன். அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒரு கை முடிந்து இன்னொரு கையில் ஒரு விரல்.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் கணக்குச் சொன்னார். இந்த வயதில் எடுத்த ஆறு முட்டைகளால் ஒரு குழந்தையாவது பிறக்க ஏறக்குறைய பத்துக்கு மூன்று, நான்கு வாய்ப்பு. இன்னொரு சுற்று போனால் வாய்ப்பு கூடும். நான்கைந்து வருடம் முன்னால் வந்திருந்தால் இதே ஆறுக்கு இன்னும் பலம் இருந்திருக்கும்.

“நாலு வருஷம் முன்னாடி இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது டாக்டர்” என்றாள் சித்தி.

வீட்டுக்கு வந்ததும் வேடிக்கை ஆரம்பித்தது. இதெல்லாம் எதற்கு என்று கேட்ட அம்மாதான் இப்போது, “இன்னொரு தடவை பண்ணுடி. ஆறு எப்படிப் போதும்? என் வளையலைக்கூட வச்சுக்கோ” என்று துரத்த ஆரம்பித்தாள்.

“உனக்கு அப்பவும் அவசரம், இப்பவும் அவசரம்.”

“வாய்ப்பு கூடும்னு டாக்டரே சொல்றாங்கள்ல?”

சித்தி ஒரு வாரம் யோசித்தாள். அந்த வாரத்தில் என்னிடமும் கேட்கவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு எதிரில் போய் உட்கார்ந்து தானும் ஒரு போர்வையின் முனையைப் பிடித்தாள்.

“இன்னொரு தடவை வேண்டாம்க்கா. ஆறு நிறையன்னு நான் சொல்லல. பத்துக்கு மூணுன்னா ஏழு தடவை இல்லைன்னு அர்த்தம், அதுவும் எனக்குத் தெரியும். ஆனா இவ்வளவு தெரிஞ்சுக்கிட்டு நானே எடுத்த முடிவு இது. இனிமே யாரையாவது பிடிச்சா, பிடிச்சதுக்காகப் பிடிக்கும். வயசுக்குப் பயந்து பிடிக்காது. எனக்கு அது போதும்.”

அம்மா போர்வையின் மறுமுனையைச் சித்தியின் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தாள். அடுத்த வாரம் போட்டோ எதுவும் வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் ஒன்று வந்தது, ஆனால் அம்மா அதைக் காட்டும்போது, “பாக்கணும்னா பாரு” என்று மட்டும்தான் சொன்னாள்.

சித்தியிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். “என் பேரைப் போடாதே, மத்தபடி எல்லாத்தையும் எழுது, அந்த எட்டு மணியையும் சேத்து” என்றாள். எல்லாப் பெண்களும் இதைச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சித்திக்கே இது பலிக்குமா என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஆனால் பல வருடமாக எங்கள் வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் அவளிடம் எப்போது கல்யாணம் என்று கேட்டார்கள். ஒரு ரத்தப் பரிசோதனையும் ஒரு ஸ்கேனும் இருக்கிறது, எப்படி இருக்கிறாய் என்று தெரிந்துகொள், பிறகு உன் இஷ்டம் என்று சொன்னவர் முன்பின் தெரியாத ஒரு நர்ஸ் மட்டும்தான்.

உங்களுக்கும் ஒரு தங்கையோ, அத்தையோ, கூட வேலை பார்க்கும் தோழியோ இருப்பார்கள். முப்பதை நெருங்கிக்கொண்டிருப்பார்கள், அல்லது இப்போதுதான் தாண்டியிருப்பார்கள். அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அறிவுரை வேண்டாம், போட்டோவும் வேண்டாம். படித்துவிட்டு அவர்கள் கைக்கு மாற்றிவிடுங்கள், போதும்.